கான்கிரீட்டுக்கு எடுத்த ரிப்போர்ட் குழிக்குள் இறங்குபவருக்கு ஆகுமா?

கடிதம், சுருக்கமாக: 14 பேரை வைத்து வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய தொழிற்சாலை நிலம் ஒன்றில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அங்கே முன்பு உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது, வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பும் நிலத்தடித் தொட்டிகளும் இருந்தன என்று காவலாளி சொன்னாராம். 3 மீட்டர் போனதும் ஊற்று வந்துவிட்டது. தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம், பெட்ரோல் வாடை. தண்ணீர் இறைக்கக் குழி விளிம்பில் வைத்த, பெட்ரோலில் ஓடும் பம்ப் நாள் முழுக்க ஓடுகிறது. மதியத்துக்கு மேல் உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல். 4 பேருக்கு முழங்காலுக்குக் கீழே தடிப்பு, அரிப்பு. இன்ஜினியரைக் கேட்டால் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி “எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது” என்கிறார். இரண்டு வாரத்தில் வாடையும் தெரியாமல் போய்விட்டது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருவர் 3 மாதக் கர்ப்பிணி. ரிப்போர்ட்டை நம்பலாமா, ஆளுக்கொரு ‘முழு உடல் நச்சுப் பரிசோதனை’ எடுத்துவிட்டால் போதுமா, இறங்க மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்கிறார். ரிப்போர்ட்டின் முதல் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

முதலில் பம்பைப் பற்றிப் பேசிவிடுவோம். மண், தண்ணீர் எல்லாம் அப்புறம்.

கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், பம்பைக் குழி விளிம்பிலேயே வைத்திருக்கிறோம் என்று. உங்கள் கவலையெல்லாம் பழைய பட்டறையின் மண்மேல் இருக்கிறது. அது நியாயமான கவலைதான். ஆனால் மதியத்தில் ஏறும் தலைவலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்த இன்ஜினின் புகையை. பெட்ரோல் இன்ஜின் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். நிறமோ வாடையோ இல்லாத வாயு. காற்றோட்டமில்லாத குழியில் அது தேங்கினால் தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம், மயக்கம் என்று வரிசையாக வரும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து விழுவார். குழிச் சாவுகளில் இரண்டாவது ஆள் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்தான்.

எனவே இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு காரியம் செய்யுங்கள். பம்பை விளிம்பிலிருந்து எடுத்து, காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வையுங்கள், குழாயை நீட்டிக்கொள்ளலாம். மின்சார பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் தண்ணீர்மேல் பெட்ரோல் மிதக்கும் குழியில் சாதாரண மோட்டாரை இறக்கிவிடாதீர்கள், ஒரு பொறி போதும். எரியும் ஆவி உள்ள இடத்தில் ஓட்டலாம் என்று சான்று பெற்ற மோட்டார்தான் அங்கே ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைவலிக்காரர்களின் விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டி 98 என்று வந்ததும் ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது அனுப்பியிருந்தால் அதை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அந்தச் சின்னக் கருவி ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை உண்டு. அதையும் மறுநாள் எடுத்துப் பயனில்லை. வெளிக்காற்றைச் சுவாசித்தால் நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்திலிருக்கும் அளவு பாதியாகிவிடும்.

சரி, பம்பைத் தள்ளி வைத்த பிறகும் தலைவலி தொடர்கிறதா? அப்போது மண்ணையும் நீரையும் விசாரிப்போம்.

அந்த ரிப்போர்ட் யாருக்காக எழுதப்பட்டது?

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வருத்தமாக இருந்தது. தண்ணீரில் என்னென்ன பார்த்திருக்கிறார்கள்? பிஹெச், குளோரைடு, சல்ஃபேட், கரைந்த உப்புகளின் மொத்த அளவு. இதெல்லாம் இந்தத் தண்ணீர் பட்டால் சிமென்ட் அரிக்குமா, கம்பி துருப்பிடிக்குமா என்று பார்க்கிற சோதனை. கான்கிரீட்டின் உடல்நலத்துக்கான ரிப்போர்ட். அந்த அளவில் அது சரியானதுதான், இன்ஜினியர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் வேறொரு கேள்வியின் விடையைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். சைட்டில் ‘மண் பரிசோதனை’ என்று சொல்வதும் இதே கதை. மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பார்களே தவிர, அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது பக்கம் கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஒரே ஒரு மண் மாதிரி, அரை மீட்டர் ஆழத்தில் எடுத்தது. ஈயமும் மொத்தக் குரோமியமும் பார்த்து, ‘தொழில் பயன்பாட்டு நிலத்துக்கான வரம்புக்குள்’ என்று முடித்திருக்கிறார்கள். இங்கே மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

முதலாவது ஆழம். நீங்கள் நிற்பது 3 மீட்டரில், மாதிரி எடுத்தது அரை மீட்டரில். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. தொட்டியிலிருந்து கசிந்தால் மண்ணுக்குள் இறங்கிப்போய் நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதந்து நிற்கும். அதாவது உங்கள் ஆட்களின் கணுக்கால் இருக்கும் இடத்தில். மேலே எடுத்த ஒரு கைப்பிடி மண்ணுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. முலாம் பட்டறைகளில் பிசுக்கு நீக்கப் பயன்படுத்தும் ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களோ தண்ணீரைவிடக் கனமானவை. அவை நீர்மட்டத்தையும் தாண்டி அடியில் போய்ப் படியும்.

இரண்டாவது, எதைத் தேடினார்கள் என்பது. தேடாத பொருள் கிடைக்காது. முலாம் பட்டறை என்றால் குரோமியத்தின் மொத்த அளவு மட்டும் போதாது, ஆறு இணைதிறன் கொண்ட வகையைத் தனியாகப் பார்க்க வேண்டும். புற்றுநோய் உண்டாக்குவது அந்த வகைதான், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. நிக்கல், காட்மியம், சயனைடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எரிபொருள் தொட்டி என்றால் பென்சீன், டொலுவீன், சைலீன் வகையறா. பென்சீனும் அதே முதல் பிரிவுதான், எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. வரம்பு என்று ஓர் எண் இருக்கிறதே, அது யாரோ ஒருவரின் உடலை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. தொழில் நிலத்துக்கான வரம்பு போடும்போது பல இடங்களில் கற்பனை செய்துகொள்வது, கட்டி முடித்த கட்டடத்துக்குள் தரை போட்ட அறையில் நடமாடுகிற ஊழியரை. அவர் மண்ணைத் தொடுவதே இல்லை. நீங்கள் அந்த மண்ணுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2002ஆம் ஆண்டு வழிகாட்டியில், அறைக்குள் வேலை செய்பவர் ஒரு நாளில் தன்னையறியாமல் விழுங்கும் மண்ணும் தூசியும் 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளிக்கு 330 மில்லிகிராம். ஆறு மடங்குக்கும் மேல்.

330 மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை மண்ணை யார் தின்பார்கள் என்று கேட்காதீர்கள். ஒருமுறை இப்படியொரு குழியின் மேல் அரை மணி நேரம் நின்று ஒரே ஒரு ஆளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் கையுறை, நல்ல பிள்ளையாக. அளவு நாடாவை எடுக்க வேண்டும். வலது கையுறையின் நடுவிரலைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார், வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஏழு முறை. அவரைக் கேட்டால் ‘நான் எங்கே மண் தின்றேன்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

விஷம் இருப்பது வேறு, உடம்புக்குள் வருவது வேறு

மண்ணில் ஒரு நச்சு இருக்கிறது என்பதாலேயே நோய் வந்துவிடாது. அது கிளம்பும் இடம், வரும் வழி, போய்ச் சேரும் ஆள் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சேர வேண்டும். இந்தத் துறையில் ஆபத்தை எடைபோடுவது என்பதே இந்தக் கோட்டைத் தேடுவதுதான். நடுவில் எங்காவது அறுத்துவிட்டால் போதும்.

‘அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை, அதனால் அதில் பயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான் சரி. பென்சீன் போன்றவை தண்ணீரில் தங்கியிருக்க விரும்பாதவை. பம்ப் இறைக்கும்போதும், காலால் கலக்கும்போதும் ஆவியாகக் கிளம்பும். பென்சீன் ஆவி காற்றைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு கனம், ட்ரைகுளோரோஎத்திலீன் ஆவி 4.5 மடங்கு. குழியிலிருந்து தானாக மேலே ஏறிப் போகாது, குனிந்து கம்பி கட்டுபவரின் மூக்குக்கு நேராகத் தேங்கும். தோல் வழியாகவும் கொஞ்சம் போகும். குடிநீர் வரம்பை வைத்து இந்தத் தண்ணீரை அளப்பதில் அர்த்தமில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பதில் குழிக்குள் இருக்கும் காற்றை அளக்க வேண்டும்.

வாடை போய்விட்டதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கு பழகிவிட்டது, ஆவி போகவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு இதில் இன்னும் மோசம். லேசாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்து கூடிய நேரத்தில்தான் நாற்றம் ‘நின்றுவிட்டது’ என்று தோன்றும்.

வானவில் படலத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள நீரில் வளரும் பாக்டீரியாவின் படலம், பயமில்லை. கிழித்த இடம் சுழன்று வந்து உடனே மூடிக்கொண்டால் எண்ணெய். வாடையையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

கால் தடிப்பைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அந்த 4 பேரும் குழியில் மட்டும் நிற்பவர்களா, கான்கிரீட் போடும்போதும் நிற்பவர்களா? ஈரச் சிமென்ட் கடுமையான காரம், பூட்ஸுக்குள் புகுந்தால் தோலை அரித்துவிடும். அதிலேயே ஆறு இணைதிறன் குரோமியம் சிறிதளவு இருப்பதால் ஒவ்வாமையும் வரும். பழைய பட்டறைமேல் பழி போட்டுவிட்டு, தினமும் கையாளும் மூட்டையை விட்டுவிடக் கூடாது. தோல் மருத்துவரிடம் காட்டும்போது சிமென்டையும் பெட்ரோல் தண்ணீரையும் இரண்டையுமே சொல்லுங்கள். தடிப்புக்குப் பதில் வட்டமாக, ஓரம் தடித்த, வலிக்காத புண் வந்தால் அது வேறு செய்தி. குரோமியப் புண் அப்படித்தான் இருக்கும்.

முழு உடல் நச்சுப் பரிசோதனை

பணத்தை வீணாக்காதீர்கள். உடம்பில் இருக்கும் எல்லா நச்சையும் காட்டும் ஒரே பரிசோதனை என்று ஒன்று கிடையாது. எந்தப் பொருள், எதில் தேடுவது, எப்போது எடுப்பது என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடைக்கு மதிப்பு. ஈயத்தை ரத்தத்தில் பார்க்கலாம், அது மாதக்கணக்கில் தங்கும், அவசரமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. பென்சீனுக்குச் சிறுநீரில் அதன் எச்சத்தைப் பார்க்க வேண்டும், வேலை முடிந்த கையோடு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் காலையில் கொடுத்தால் சுத்தமாக வரும், அதைக் காட்டி ‘பாதிப்பில்லை’ என்பார்கள். புகைபிடிப்பவருக்குக் குழியில் இறங்காமலே அந்த எண் கூடுதலாக இருக்கும், அதையும் குறித்துவைக்க வேண்டும். குரோமியத்துக்கு வாரத்தின் கடைசி வேலை நாளில், வேலை முடிந்ததும் சிறுநீர்.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு எல்லோருக்கும் ஒரு சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கை மட்டும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒப்பிட உதவும். உடம்பிலிருந்து நச்சை ‘இழுத்து எடுக்கும்’ சிகிச்சை என்று யாராவது மருந்து ஏற்றக் கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த மருந்துகள் உண்மையானவைதான், கடுமையான ஈய நச்சு போன்றவற்றுக்கு மருத்துவமனையில் தருவோம். ஆனால் தினமும் அதே குழிக்குத் திரும்பிப் போகிறவருக்குக் கொடுத்தால் கெடுதலே மிஞ்சும்.

இதைவிட மதிப்புள்ள ஓர் ஆவணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, யார் இறங்கினார், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், பம்ப் எங்கே இருந்தது, தலைவலி எப்போது வந்தது, மேலே ஏறி எவ்வளவு நேரத்தில் போனது என்று எழுதுங்கள். மேலே வந்த ஒரு மணி நேரத்தில் தலைவலி விடுகிறது, விடுமுறை நாளில் வருவதே இல்லை என்றால் அந்த நோட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். பென்சீனால் வரும் ரத்த நோய்கள் பல வருடம் கழித்துக்கூட வரலாம். அப்போது இந்த சைட்டில் வேலை பார்த்ததற்கு வேறு சாட்சி கிடைக்காது.

இறங்க மாட்டோம் என்று சொல்லலாமா?

நான் வக்கீல் இல்லை, நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை இப்படிச் சொல்கிறது: உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து ஒரு தொழிலாளி வேலையிடத்திலிருந்து விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாட்டின் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பாதுகாப்பான பணிச்சூழலை 2022இல் அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இதில் ‘உடனடி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ரிப்போர்ட்மேல் நம்பிக்கையில்லை’ என்று சொல்லி வேலையை நிறுத்தினால் வழக்கு பலவீனமாகிவிடும். ‘குழிக்குள் 3 பேருக்குத் தலைசுற்றுகிறது, காற்றை அளந்து காட்டும்வரை இறங்க மாட்டோம், மேலே வேறு வேலை கொடுங்கள்’ என்று எழுத்தில் கொடுத்தால் பலம். வேலையை மறுக்கவில்லை, அந்தக் குழியை மட்டும்தான் மறுக்கிறோம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கடிதத்திலேயே கேட்க வேண்டியதையும் கேட்டுவிடுங்கள். ஆட்கள் இறங்கும் முன் தினமும் குழியின் அடியில் கருவி இறக்கி ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் அளக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் யாரும் இறங்கக் கூடாது. இந்தக் கருவி பென்சீனைத் தனியாகக் காட்டாது, அதற்கு வேறு அளவீடு வேண்டும். தோண்டும் ஆழத்திலிருந்தே மண்ணும் நீரும் எடுத்து, நான் மேலே சொன்ன பட்டியலைச் சோதிக்க வேண்டும். தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, குளிர்வித்து, உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சோடா பாட்டிலில் பாதி பிடித்து வெயிலில் வைத்து மாலையில் அனுப்பினால் பென்சீன் பறந்து போயிருக்கும், ரிப்போர்ட் அழகாக வரும்.

தூசி முகக்கவசத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தூசிக்கு நல்லது. ஆவியை அது நிறுத்தாது, அதற்குக் கரி வடிகட்டி போட்ட கவசம் வேண்டும். அதுவும் கார்பன் மோனாக்சைடுக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் ஒன்றும் செய்யாது. தோல் கையுறை பெட்ரோலைக் குடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையில் தடவும், மெல்லிய லேடெக்ஸும் தாங்காது. எந்த ரசாயனம் என்று தெரிந்த பிறகு அதற்கேற்ற கையுறையைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: குழிச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஊற்று வந்த குழியில் எந்த ரசாயனத்துக்கும் முன்னால் நான் பயப்படுவது சரிவுக்குத்தான்.

அந்தப் பெண்ணும், உங்கள் வீடும்

அந்தக் கர்ப்பிணி விஷயத்தில் நான் ஒரு நிமிஷம்கூடத் தயங்க மாட்டேன். இன்றே குழியிலிருந்தும் பம்ப் பக்கத்திலிருந்தும் விலக்குங்கள். கார்பன் மோனாக்சைடு தாயைவிடச் சிசுவின் ரத்தத்தில் கூடுதலாக ஏறும், இறங்குவதற்கும் அதிக நேரம் எடுக்கும். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். ஆனால் ‘விலக்குவது’ என்றால் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்புவது இல்லை. அதே கூலியில் மேலே சுத்தமான வேலை. அப்படி இல்லையென்றால் அடுத்த முறை கர்ப்பமாக இருக்கும் பெண் உங்களிடம் சொல்லவே மாட்டார், குழியில்தான் நிற்பார். அவருடைய மகப்பேறு மருத்துவருக்கு இந்த வேலையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். இதுவரை நின்றதால் குழந்தைக்கு ஊறு வந்தே தீரும் என்று யாரும் பயமுறுத்த வேண்டாம், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை.

குழியில் இறங்காதவர்களுக்கும் இது போய்ச் சேரும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் கார்பி என்ற ஊரில் பழைய எஃகு ஆலை நிலத்தைத் தோண்டிச் சுத்தப்படுத்தினார்கள். மூடாத லாரிகளில் போன சேறு சாலையில் சிந்திக் காய்ந்து தூசியாகப் பறந்தது. அந்த வட்டாரத்தில் கை கால் குறையோடு பிறந்த பிள்ளைகளின் சார்பில் தொடுத்த வழக்கில், வேலையை நடத்திய நகராட்சி கவனக்குறைவாக இருந்தது என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் லாரிக்குத் தார்ப்பாயும் சக்கரத்துக்குத் தண்ணீரும் கேளுங்கள்.

வீட்டுக்கு வருவோம். சேற்று உடையை சைட்டிலேயே மாற்றி, தனிப் பையில் கட்டி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். பூட்ஸ் வாசலுக்கு உள்ளே வரக் கூடாது. ஈயத் தூசி அப்பாவின் சட்டையில் ஏறித்தான் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகிறது. சைட்டில் சோப்பும் நல்ல தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள். இறைத்த குழித் தண்ணீரில் கை கழுவுவதாக எழுதியிருக்கிறீர்கள், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பம்பைத் தள்ளி வைத்து மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். தலைவலி யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை என்பது எனக்கு வேண்டும். ரிப்போர்ட்டின் மூன்றாவது பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில் ‘தொடர்ச்சி’ என்று போட்டிருக்கிறது.